ஃபயர்பாக்ஸ் செண்ட் ஏன் மூடப்பட்டது? பெரிய கோப்புகளை அனுப்புவோருக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூலை 7-ஆம் தேதி, ஃபயர்பாக்ஸ் பிரௌசரை உருவாக்கும் மொசில்லா, பெரிய கோப்புகளை லிங்க் மூலம் அனுப்ப உதவிய தன்னுடைய ஃபயர்பாக்ஸ் செண்ட் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தியது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, சேவை நிரந்தரமாக முடிந்தது என்று அறிவிப்பு வந்தது. முழு வடிவில் வெளியாகி அப்போது ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. காசு கேட்காது, கணக்கு தொடங்கச் சொல்லாது, விளம்பரம் காட்டாது, அனுப்பும் கோப்பைச் சேவையை நடத்துகிறவர்களே திறந்து பார்க்க முடியாது. இத்தனையும் ஒரே இடத்தில் கிடைத்த சேவை அது. இந்த வகையில் மிக நன்றாகச் செய்யப்பட்ட கருவி எது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன். அதனால்தான் அது மூடப்பட்ட கதை முக்கியமானது.

இலவசக் கருவி தேடுகிறவர்கள் பொதுவாகக் கேட்பது, "எத்தனை ஜிபி வரை போகும்?" என்பதைத்தான். கல்யாண வீடியோவை எடிட்டருக்கு அனுப்புகிறவர், புத்தகத்தின் பிடிஎஃபை அச்சகத்துக்கு அனுப்பும் டிடிபி கடைக்காரர், அப்பாவின் எம்ஆர்ஐ ஸ்கேனை வேறு ஊர் டாக்டருக்கு அனுப்பும் மகள், ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே ஸிப்பில் கட்டி ஆடிட்டருக்கு அனுப்பும் கடை முதலாளி, எல்லோருக்கும் முதல் கேள்வி அதுதான். ஜிமெயில் 25 எம்பிக்கு மேல் இணைப்பை ஏற்காது என்ற இடத்தில்தானே இந்தத் தேடலே தொடங்குகிறது. ஆனால் செண்ட் சேவைக்கு நடந்ததைப் பார்த்தால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு என்று தெரியும். கோப்பைப் பூட்டும் சாவி யாரிடம் இருக்கிறது? சேவையை நடத்தும் செலவு எங்கிருந்து வருகிறது? நாளைக்கே அது இல்லாமல் போனால் என் கோப்பின் கதி என்ன?

சாவி எங்கே இருந்தது

செண்ட் முதலில் 2017 ஆகஸ்டில், டெஸ்ட் பைலட் என்ற மொசில்லாவின் சோதனைத் திட்டத்தில் வந்தது. அப்போது 1 ஜிபி வரை அனுப்பலாம். ஒருமுறை இறக்கிவிட்டாலோ 24 மணி நேரம் ஆகிவிட்டாலோ கோப்பு அழிந்துவிடும். 2019 மார்ச் 12-இல் முழு சேவையானபோது, கணக்கு இல்லாதவர்களுக்கு 1 ஜிபி, ஃபயர்பாக்ஸ் கணக்கு உள்ளவர்களுக்கு 2.5 ஜிபி என்று ஆனது. காலக்கெடுவை ஐந்து நிமிடத்திலிருந்து ஏழு நாள் வரை வைக்கலாம். எத்தனை முறை இறக்கலாம் என்பதை ஒன்றிலிருந்து நூறு வரை வரையறுக்கலாம். விரும்பினால் கடவுச்சொல்லும் போடலாம்.

இதன் அழகு உள்ளே இருந்த ஒரு சின்ன ஏற்பாட்டில் இருந்தது. கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் பிரௌசரே ஒரு ரகசிய சாவியை உருவாக்கும். அதைக் கொண்டு ஏஇஎஸ் என்ற பூட்டும் முறையில், உங்கள் கணினியிலேயே, கோப்பு என்க்ரிப்ட் ஆகும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறும். கோப்பின் பெயர்கூடத் திறந்த நிலையில் வெளியே போகாது. சர்வருக்குப் போய்ச் சேருவது உருத்தெரியாத பைட்டுகள் மட்டும். பிறகு ஒரு லிங்க் கிடைக்கும். அந்த லிங்க்கின் வால் பகுதியில் # குறிக்குப் பிறகு கொஞ்சம் எழுத்துகள் இருக்குமே, அதுதான் சாவி. ஒரு பக்கத்தைக் கேட்கும்போது பிரௌசர் # குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் சர்வருக்கு அனுப்பும். பின்னால் இருப்பது பிரௌசரிலேயே நின்றுவிடும். இணைய முகவரிகளின் விதியே அப்படி. நீளமான பக்கத்தில் குறிப்பிட்ட பத்திக்குத் தாவ ஏற்பட்ட அந்த வசதியைச் சாவி கொண்டுசெல்லப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆக, கோப்பு மொசில்லாவிடம் இருந்தது, சாவி லிங்க்கில் இருந்தது, இரண்டும் அனுப்புகிறவர், பெறுகிறவர் கைகளில் மட்டுமே ஒன்றுசேர்ந்தன.

முனைக்கு முனை என்க்ரிப்ஷன் என்று சொல்வது இதைத்தான். பல இலவசச் சேவைகளின் முகப்பில் "உங்கள் கோப்புகள் என்க்ரிப்ட் செய்யப்படுகின்றன" என்று எழுதியிருக்கும். அது பொய்யில்லை. போகும் வழியில் என்க்ரிப்ட் ஆகும், சர்வரின் வட்டில் கிடக்கும்போதும் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். ஆனால் சாவி அவர்களிடமே இருக்கும். அவர்களுடைய ஊழியரோ, நீதிமன்ற உத்தரவோ, உள்ளே நுழைந்த திருடரோ நினைத்தால் கோப்பைத் திறக்க வழி உண்டு. அந்த வாசகத்தைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

சரி, செண்டில் குறையே இல்லையா? இருந்தது. லிங்க்கில் சாவி இருப்பதால், லிங்க் யார் கையில் கிடைக்கிறதோ அவர் கையில் கோப்பும் கிடைத்த மாதிரிதான். அதை ஈமெயிலில் அனுப்பினால், அந்த ஈமெயில் கணக்கைத் திறக்க முடிந்தவரெல்லாம் கோப்பையும் திறக்கலாம். பிரௌசிங் சென்டரிலோ அலுவலகப் பொதுக் கணினியிலோ திறந்தால் முழு லிங்க்கும், வாலோடு சேர்த்து, பிரௌசரின் ஹிஸ்டரியில் பதிந்துவிடும். காலக்கெடுவும் பதிவிறக்க எண்ணிக்கையும் முக்கியமானது இதனால்தான். "1 பதிவிறக்கம், 1 மணி நேரம்" என்று வைத்தால் பழைய லிங்க்கை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. பெறவேண்டியவருக்கு முன்னால் வேறொருவர் இறக்கியிருந்தால், லிங்க் செத்துப்போயிருப்பதே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கடவுச்சொல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. செண்டில் போட்ட கடவுச்சொல் கோப்பின் என்க்ரிப்ஷன் சாவியோடு கலக்கவில்லை. இறக்க அனுமதி தரலாமா என்று சர்வர் சரிபார்க்க மட்டுமே அது பயன்பட்டது. வாசலில் நின்று கேட்கும் கேள்வி அது, அவ்வளவுதான். அந்தப் பயன்பாட்டுக்கு அது போதும். ஆனால் இன்று எந்தக் கருவியிலும் "கடவுச்சொல் போடலாம்" என்ற பெட்டியைப் பார்த்தால், அது கோப்பையே பூட்டுகிறதா, இறக்கும் பக்கத்தை மட்டும் மறைக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. பல சேவைகளில் இரண்டாவதுதான் நடக்கிறது.

இன்னொன்று, பிரௌசரில் இயங்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. என்க்ரிப்ட் செய்யும் நிரலே ஒவ்வொரு முறையும் அந்தச் சேவையின் சர்வரிலிருந்துதான் உங்களுக்கு வருகிறது. அவர்கள் நினைத்தால், அல்லது அவர்களுடைய சர்வரை வேறு யாராவது கைப்பற்றினால், நாளைக்கு வரும் நிரல் சாவியை ரகசியமாக அனுப்பிக் கொடுக்கும்படி மாற்றப்படலாம். செண்டின் மூலநிரல் திறந்தே இருந்தது, யாரும் படிக்கலாம். ஆனால் படித்த நிரலும் அன்றைக்கு உங்கள் பிரௌசருக்கு வந்த நிரலும் ஒன்றுதானா என்று சாதாரணமாக யாரும் சோதிப்பதில்லை.

கெட்டவர்களுக்கும் அதே காரணங்கள்

2020-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தொடர்ந்து ஒரே மாதிரி புகாரைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். தீநிரல் (மால்வேர்) பரப்பும் கும்பல்கள் செண்டைப் பயன்படுத்துகின்றன என்பதே அது. பணம் கேட்டு மிரட்டும் ஆர்ஈவில், வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் உர்ஸ்நிஃப், ஸீலோடர், ஃபின்7 என்ற திருட்டுக் கும்பல் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. முறை எளிது. தீநிரலைச் செண்டில் ஏற்றுவார்கள், லிங்க்கை ஈமெயிலில் வைத்து அனுப்புவார்கள்.

ஏன் செண்ட்? லிங்க் ஃபயர்பாக்ஸ் பெயரில் தொடங்குவதால் அலுவலகங்களின் மெயில் வடிகட்டிகள் அதைச் சந்தேகிக்கவில்லை. பார்க்கிறவருக்கும் பயம் வரவில்லை. கோப்பு பூட்டியிருந்ததால் மொசில்லாவாலேயே உள்ளே தீநிரல் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்ய முடியவில்லை. ஒரு பதிவிறக்கத்துக்குப் பிறகு லிங்க் அழிந்துவிட்டதால், பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்து ஆய்வாளர் வந்து பார்ப்பதற்குள் தடயம் இல்லை. கணக்கு தேவையில்லை என்பதால் அனுப்பியவர் யார் என்று பின்தொடரவும் வழியில்லை.

நமக்கு எதெல்லாம் பிடித்திருந்ததோ, அதையெல்லாம் அவர்களும் விரும்பினார்கள். ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும். மொசில்லா முதலில் சொன்ன தீர்வையே பாருங்கள்: முறைகேட்டைப் புகார் செய்ய ஒரு வசதி சேர்ப்போம், அனுப்புகிறவர் ஃபயர்பாக்ஸ் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும் என்று வைப்போம். என்க்ரிப்ஷனைத் தொடாமல், அடையாளமில்லாமல் அனுப்பும் சுதந்திரத்தை மட்டும் எடுப்பது. அது சரியான சமரசம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மாற்றம் வெளிவரவே இல்லை. ஆகஸ்ட் 11-ஆம் தேதி மொசில்லா ஏறக்குறைய 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது, எந்தெந்தத் தயாரிப்புகளைத் தொடர்வது என்று கணக்குப் பார்த்தது. செண்ட் வருமானம் தராத சேவை. அதைத் திருத்தவும் காவல் காக்கவும் ஆட்களும் பணமும் வேண்டும். செப்டம்பரில் முடிவு வந்துவிட்டது.

இங்கே மொசில்லாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பு பரிமாற்றத்தில் சேமிப்பிடத்துக்கும் அலைவரிசைக்கும் ஒவ்வொரு நாளும் யாராவது காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயனர் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை ஈடுகட்ட வேறு வழி இருக்க வேண்டும். அந்த வழி என்ன என்று தெரியாத சேவையில் மாதக்கணக்கில் கிடக்கப்போகும் எதையும் வைக்கக் கூடாது. மெகாஅப்லோட் என்ற கோப்புச் சேமிப்புத் தளம் 2012 ஜனவரியில் அமெரிக்க அரசால் முடக்கப்பட்டபோது, திருட்டுப் படங்களோடு சேர்ந்து, நேர்மையாகத் தங்கள் சொந்தக் கோப்புகளை அங்கே வைத்திருந்தவர்களும் அவற்றை இழந்தார்கள்.

வீடிரான்ஸ்ஃபர்: வேறு விதமான பாடம்

செண்ட் மூடப்பட்ட அதே 2020-இல், நம் நாட்டிலேயே இன்னொன்று நடந்தது. மே 18 தேதியிட்ட உத்தரவில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை வீடிரான்ஸ்ஃபர் என்ற கோப்பு அனுப்பும் தளத்தை முடக்கச் சொன்னது. தேசப் பாதுகாப்பும் பொதுநலனும் காரணமாகக் காட்டப்பட்டன. கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த மாதங்கள் அவை. விளம்பர நிறுவனங்களும் புகைப்படக்காரர்களும் எடிட்டர்களும் அதிகம் நம்பியிருந்த தளம் ஒரே உத்தரவில் கைக்கு எட்டாமல் போனது. லிங்க் அனுப்பியாகிவிட்டது, வாடிக்கையாளரால் திறக்க முடியவில்லை. அடுத்த மாதமே, ஜூன் 29 அன்று, மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் இருந்தன. ஊர்ப்புறங்களில் போனிலிருந்து போனுக்குப் படம் மாற்ற பெரும்பாலோர் பயன்படுத்தியவை இவைதான்.

வீடிரான்ஸ்ஃபர் 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. எளிமையில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அங்கே கோப்பின் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. அதன் விளைவு 2019 ஜூன் 16, 17 தேதிகளில் தெரிந்தது. ஒரு கோளாறால் சிலருடைய பதிவிறக்க லிங்க்குகள் சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களின் ஈமெயிலுக்குப் போய்விட்டன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு அறிவித்தது. அங்கே யாரும் திருடவில்லை, ஹேக் செய்யவில்லை. லிங்க் மட்டும் தப்பான ஆளுக்குப் போனது. கோப்பு பூட்டப்படாததால் அதுவே போதுமானதாக இருந்தது.

2024-இல் இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. இலவசக் கணக்கில் கட்டுப்பாடுகள் வந்தன. முன்பு ஒரு தடவைக்கு 2 ஜிபி என்று எத்தனை தடவையும் அனுப்பலாம். இப்போது 30 நாளுக்கு மொத்தமாக 3 ஜிபிதான், அதுவும் பத்து தடவைக்குள். 2025 ஜூலையில் அதன் புதிய விதிமுறைகளில், பயனர்களின் கோப்புகளை இயந்திரக் கற்றல் மாதிரிகளை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் ஒரு வரி இருந்ததை ஓவியர்களும் எழுத்தாளர்களும் கண்டுபிடித்துக் கொதித்தார்கள். நிறுவனம், அப்படிச் செய்யவில்லை என்று விளக்கி, அந்த வரியை எடுத்தது. எடுத்தது நல்லதுதான். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்க முடிகிற நிறுவனத்தில்தான் இந்தச் சர்ச்சையே எழ முடியும். பூட்டிய கோப்பை வைத்து எந்த மாதிரிக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

ஆக, தடை, கோளாறு, கைமாற்றம், விதிமுறை மாற்றம், முறைகேடு, வருமானமின்மை. இரண்டே சேவைகளில், சுமார் ஆறு வருடத்துக்குள், இத்தனையும் நடந்திருக்கின்றன. இவற்றில் எதையும் பயனரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது, தடுக்கவும் முடியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்றுதான். பூட்டு வேறு, வண்டி வேறு. பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும். வண்டி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், நின்றுபோனால் அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

நம் கையிலேயே பூட்டுவது

விண்டோஸில் இதற்கு மிக எளிய வழி, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 7-ஸிப் என்ற மென்பொருள். இலவசம், மூலநிரல் திறந்தது, 1999-லிருந்து இருக்கிறது. கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன்மேல் வலது கிளிக் செய்து, 7-ஸிப் மெனுவில் 'ஆட் டு ஆர்க்கைவ்' கொடுங்கள். திறக்கும் பெட்டியில் இடது மேல்புறம் வடிவம் என்ன என்று இருக்கும். அதை 7இஸட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலதுபுறம் கடவுச்சொல் இரண்டு முறை. அதற்குக் கீழே 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் போடுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். அதை விட்டால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாவிட்டாலும், கோப்புகளின் பெயர்ப் பட்டியலை எல்லோரும் படிக்கலாம். நோயாளியின் பெயரும் பரிசோதனையின் பெயரும் கோப்புப் பெயரிலேயே இருந்தால், பூட்டியும் பயனில்லை.

வடிவத்தை 7இஸட்டுக்குப் பதிலாக ஸிப் என்று மாற்றினால் இன்னொரு ஆபத்து. அங்கே 7-ஸிப் தானாக எடுத்துக்கொள்ளும் முறை ஸிப்கிரிப்டோ என்ற பழைய பூட்டு. 1994-லேயே பிஹாம், கோச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அதை உடைக்கும் வழியைக் காட்டிவிட்டார்கள். உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு கோப்பின் சில பைட்டுகள் முன்கூட்டித் தெரிந்தால் போதும், கடவுச்சொல் எவ்வளவு நீளமானாலும் உடைத்துவிடலாம். பெறுகிறவருக்கு ஸிப்தான் வேண்டும் என்றால், முறையை ஏஇஎஸ்-256 என்று கையால் மாற்ற வேண்டும். விண்டோஸோடு வரும் ஸிப் வசதியில் கடவுச்சொல் போட இடமே இல்லை.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? பிறந்த தேதி, போன் எண், கடைப் பெயரோடு 123 இதெல்லாம் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால் நீளமும் கிடைக்கும், போனில் சொல்லவும் எளிது. போனில் சொல்வது என்று சொன்னதைக் கவனியுங்கள். லிங்க் ஈமெயிலில் போனால் கடவுச்சொல் அதே ஈமெயிலில் போகக் கூடாது. "கீழே கடவுச்சொல் உள்ளது" என்று அடுத்த வரியிலேயே எழுதி அனுப்புவது நம் அலுவலகங்களில் சர்வ சாதாரணம். இரண்டையும் வேறு வேறு வழியில் அனுப்புவதில் ஒரு நிமிடம்கூட கூடுதலாக ஆகாது.

மேக்கிலும் லினக்ஸிலும் 7இஸட்டைத் திறக்கக் கருவிகள் உண்டு. போனில் மட்டும் புழங்குகிறவருக்கு அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் தனியாக ஒரு செயலி போட்டுத்தான் திறக்க முடியும். வயதான ஒருவருக்கு அது பெரிய தலைவலி. அப்படிப்பட்ட இடத்தில் பூட்டும் வண்டியும் சேர்ந்தே வரும் கருவிதான் ஒத்துவரும்.

எந்த வண்டி, யாருக்கு

முதலில் எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருப்பது. வாட்ஸ்அப்பில் 2022-லிருந்து 2 ஜிபி வரையிலான கோப்பை அனுப்பலாம், முனைக்கு முனை என்க்ரிப்ஷன் தானாகவே உண்டு. கேலரியிலிருந்து அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் தரமும் குறையாது. புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். அப்பாவின் ஸ்கேன் அறிக்கையை டாக்டருக்கு அனுப்பும் மகளுக்கு, முன்பின் தெரியாத ஒரு தளத்தைவிட இதுதான் பாதுகாப்பு. எண் சரிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், குரூப்பில் போடக் கூடாது, அவ்வளவுதான். கோப்பு பெறுகிறவரின் போனிலேயே கிடக்கும், தானாக அழியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டெலிகிராமும் 2 ஜிபி வரை அனுமதிக்கிறது. ஆனால் அதன் சாதாரண அரட்டைகளில் முனைக்கு முனை என்க்ரிப்ஷன் கிடையாது, ரகசிய அரட்டையில் மட்டும்தான். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய.

பிரௌசரிலேயே முடிக்க வேண்டும், கணக்கும் வேண்டாம் என்றால் செண்டுக்கு மிக நெருக்கமாக எனக்குத் தெரிவது வோர்ம்ஹோல் என்ற தளம். 2021-இல் வந்தது. சாவி # குறிக்குப் பின்னால் நிற்கும் அதே ஏற்பாடு, 10 ஜிபி வரை, 24 மணி நேரத்தில் லிங்க் காலாவதி. 5 ஜிபிக்கு மேல் போனால் கோப்பு சர்வரில் தங்காது. உங்கள் கணினியிலிருந்தே நேராகப் போகும், அவர் இறக்கி முடிக்கும்வரை நீங்கள் பக்கத்தை மூடக் கூடாது. செண்டின் மூலநிரலை எடுத்து டிம் விசே என்ற டெவலப்பர் தொடர்ந்து பராமரித்து வருகிறார். அதைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள முடிந்த அலுவலகத்துக்கு அதுவே நல்ல தேர்வு. மூலநிரல் திறந்திருந்ததால்தான் மொசில்லா கைவிட்ட பிறகும் செண்ட் முழுதாகச் சாகவில்லை. ஈமெயில் மென்பொருளான தண்டர்பேர்டின் குழுவும் 2025-இல் அறிவித்த தன் சேவைத் தொகுப்பில் செண்டை மறுபடி கட்டியெழுப்பிக் கொண்டுவருவதாகச் சொன்னது.

கணினியோடு பழகியவர்களுக்கு என் முதல் பரிந்துரை மேஜிக் வோர்ம்ஹோல். பெயர் ஒத்திருந்தாலும் மேலே சொன்ன தளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரையன் வார்னர் எழுதியது. கட்டளை வரியில் இயங்கும். அனுப்புகிறவர் கட்டளையைக் கொடுத்ததும் 7-கிராஸ்ஓவர்-கிளாக்வொர்க் போல ஓர் எண்ணும் இரண்டு சொற்களும் திரையில் வரும். அதைப் போனில் படித்துக் காட்டினால், மறுமுனையில் இருப்பவர் தட்டச்சு செய்ய, கோப்பு போக ஆரம்பிக்கும். இவ்வளவு சின்னச் சொல்லை ஊகித்துவிட மாட்டார்களா என்று தோன்றும். இடையில் புகுந்து ஊகிக்கிறவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அது தப்பினால் பரிமாற்றம் முறிந்துவிடும், இரண்டு பக்கமும் தெரிந்துவிடும். சரியாக ஊகிக்க 65,536-இல் ஒரு வாய்ப்பு. லிங்க் கிடையாது, ஹிஸ்டரியில் எதுவும் தங்காது, நிரலும் உங்கள் கணினியில் நிறுவியதே. இதே வழியில் வரும் குரோக் என்ற கருவி விண்டோஸிலும் எளிதாக ஓடும். ஒரே குறை, இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும்.

இருவரும் ஒரே வீட்டிலோ ஸ்டுடியோவிலோ இருந்தால் இணையமே எதற்கு? லோக்கல்செண்ட் என்ற செயலி இலவசம், விளம்பரமில்லை, ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஷேர்இட் போன இடத்தை நிரப்ப இதைவிடச் சிறந்தது இல்லை. ஷேர்இட்டின் ஆண்ட்ராய்டு செயலியில் பாதுகாப்பு ஓட்டைகள் இருப்பதாக 2021 பிப்ரவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. தடைக்குப் பிறகும் எங்கிருந்தோ அதன் நிறுவல் கோப்பை இறக்கிப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

20, 30 ஜிபி என்று போகும் கல்யாண வீடியோவுக்கு மேலே சொன்ன பல வழிகள் எட்டாது. சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ்டிரான்ஸ்ஃபர் 50 ஜிபி வரை கணக்கில்லாமல் ஏற்கிறது. கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசம், அதில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும். 7இஸட்டில் பூட்டி ஏற்றினால் வண்டிக்காரர் யார் என்ற கவலை பெரும்பகுதி போய்விடுகிறது. டிரைவில் 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிடாமல், பெறுகிறவரின் ஈமெயிலை மட்டும் சேர்ப்பது நல்லது. இவ்வளவு பெரிய கோப்பில் உண்மையான எதிரி நம் இணைப்புதான். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபிக்கே ஏறக்குறைய 14 நிமிடம். 30 ஜிபிக்கு ஏழு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் பல பிரௌசர் கருவிகளில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 7-ஸிப்பில் அதே பெட்டியின் கீழே 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே 2 ஜிபி என்று கொடுத்தால் கோப்பு துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு தவறினால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பலாம். நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று மொபைல் டேட்டா பேக் வைத்திருப்பவர்கள் துண்டின் அளவை அதற்கேற்பச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

பத்திரிகையாளர்கள், மனித உரிமைப் பணியில் இருப்பவர்கள் வேறு ரகம். அவர்களுக்குக் கோப்பின் உள்ளடக்கத்தோடு, யார் யாருக்கு அனுப்பினார் என்பதே ஆபத்து. அவர்களுக்காகவே மைக்கா லீ 2014-இல் ஆனியன்ஷேர் என்ற கருவியை உருவாக்கினார். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாக, நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பும் இல்லாமல், உங்கள் கணினியே தற்காலிக சர்வராக மாறும். மெதுவாகத்தான் போகும். அந்தப் பணியில் இருப்பவர்களுக்கு அது ஏற்கத்தக்க விலை.

காசு கொடுத்து வாங்கினால் இந்தக் கவலையெல்லாம் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கிய மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் 2023 மே மாதக் கடைசியில் க்ளாப் என்ற இணையத் திருட்டுக் கும்பல் புகுந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளின் தகவல் போனது. அங்கே ஏற்றுவதற்கு முன் தங்கள் சாவியால் பூட்டியிருந்தவர்களின் கோப்புகள் திருடர்கள் கையில் வெறும் பைட்டுகளாகத்தான் கிடைத்திருக்கும்.

கோப்பு போய்ச் சேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. பெரிய கோப்பு வழியில் சிதைந்ததா என்று பார்க்க, அனுப்பும் முன் 7-ஸிப்பின் வலது கிளிக் மெனுவில் சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற பகுதியில் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீண்ட வரியின் முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் பெறுகிறவரிடம் போனில் ஒத்துப் பார்த்தால், கோப்பு முழுதாக வந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பிறகு லிங்க்கை நீங்களே போய் அழியுங்கள், காலாவதியாகட்டும் என்று விட வேண்டாம். டிரைவில் ஏற்றியிருந்தால் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். அதில் கிடக்கும் கோப்பும் உங்கள் 15 ஜிபியைத் தின்றுகொண்டே இருக்கும், 30 நாள் வரை மீட்டெடுக்கவும் முடியும்.